அடுப்படியை மறைத்தால் போதுமா?

காமராசர் மதிய உணவுத் திட்டத்தை 1956-ஆம் ஆண்டு தொடங்கி வைத்த ஊர் எட்டயபுரம். கோவில்பட்டியிலிருந்து கிழக்கே, பேருந்தில் ஏறினால் அரைமணிப் பயணம். பாரதி பிறந்த ஊர் என்ற பெருமை ஒருபுறமிருக்க, வானம் பார்த்த கரிசல் பூமி இது. மழை பொய்த்தால் கம்பும் பருத்தியும் பொய்த்துவிடும். பசித்த பிள்ளை பள்ளிக்கு வராது என்பதை இந்த மண்ணுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பின்னாளில் தீப்பெட்டி ஆலைகளை நோக்கிப் பிள்ளைகள் போனதும் அந்தப் பசியினால்தான். பூமணி தம் 'கருவேலம் பூக்கள்' திரைப்படத்தில் அதைப் பதிவு செய்திருக்கிறார்.

அதே எட்டயபுரம் வட்டாரத்தில் 2023 செப்டம்பரில் நிகழ்ந்ததை நம்மில் பலர் மறந்திருக்கக்கூடும். உசிலம்பட்டி என்னும் சிற்றூர் (மதுரை மாவட்டத்து உசிலம்பட்டி அன்று). அங்குள்ள தொடக்கப்பள்ளியில் காலை உணவுத் திட்டம் தொடங்கிச் சில நாட்களிலேயே பிள்ளைகள் உண்ண மறுத்தனர். சமைத்தவர் தலித் பெண் என்பதே காரணமாகச் செய்திகளில் வெளிவந்தது. கனிமொழியும் அமைச்சர் கீதா ஜீவனும் நேரில் சென்று பிள்ளைகளோடு அமர்ந்து உண்டனர். படங்கள் வந்தன, பிள்ளைகளும் உண்டனர். நல்லதே. ஆயினும் நாடாளுமன்ற உறுப்பினர் நாள்தோறும் வர இயலாது.

பள்ளியில் நல்லுறவு, அனைவரையும் அணைத்துச் செல்லுதல், மாணவர் மனநலம் என்றெல்லாம் இன்று ஏராளமாகப் பேசப்படுகிறது. கருத்தரங்குகள் நடக்கின்றன. எம்மைக் கேட்டால், ஒரு பள்ளியின் மனநலத்தை அறிய அதன் பந்தியைப் பார்த்தால் போதும் என்போம். யார் அருகில் யார் அமர்கிறார், யார் கையால் பரிமாறியதை யார் தொடாமல் வைக்கிறார் என்பதில் எல்லாம் வெளிப்பட்டுவிடும்.

இத்திட்டத்தில் சமைப்போர் மகளிர் சுய உதவிக் குழுவினர். அவர்தம் பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்பது விதிகளுள் ஒன்று. தாய் சமைத்தால் தன் பிள்ளைக்குச் சமைப்பதுபோல் சமைப்பாள் என்ற நல்லெண்ணம் அதில் இருக்கிறது. ஆனால் பந்தி மறுக்கப்படும் நாளில் என்ன ஆகிறது? தன் அம்மா கிண்டிய கிச்சடியைத் தன் வகுப்புத் தோழர்கள் தள்ளி வைப்பதை அந்தப் பிள்ளை தட்டோடு உட்கார்ந்து பார்க்கிறது. அடுத்த மணியில் அவர்களோடு சேர்ந்து வாய்ப்பாடு ஒப்பிக்கவும் வேண்டும்! இடைசெவல் தந்த கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' கதையில் வரும் சாரங்கனை இங்கே நினைக்காமலிருக்க முடியவில்லை. மற்றவர்களுக்குக் கிடைத்த அன்பளிப்பு தனக்கு இல்லையென்றானபின், தானே ஒரு டைரியைக் கொண்டுவந்து தன் பெயரை எழுதித் தரச் சொல்லும் சிறுவன் அவன். அவன் காயத்தைத் தீண்டாமை என்று சொல்ல முடியாது. எனினும் விடுபட்ட பிள்ளையின் மனம் எப்படி இருக்கும் என்பதை அதைவிட நுட்பமாகக் காட்டிய கதையை நாம் வாசித்ததில்லை.

இனி, அரசு அமைத்த குழுவுக்கு வருவோம். 2023 ஆகஸ்ட் 9 அன்று நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனும் அவன் தங்கையும் அவனுடைய பள்ளி மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டனர். அதன்பின் அமைந்த நீதியரசர் கே. சந்துரு குழு 2024 ஜூன் மாதம் அறிக்கை அளித்தது. வண்ணக் கயிறுகளைத் தடை செய்தல், பள்ளிப் பெயர்களில் சாதியை நீக்குதல், அகரவரிசைப்படி மாணவரை அமர்த்துதல், பெரிய பள்ளிகளுக்கு நல அலுவலர் நியமித்தல் ஆகியவற்றை நாம் முழுமனத்தோடு வரவேற்கிறோம். ஆனால் ஒன்றியத்துக்கு ஒரு மையச் சமையற்கூடம் என்ற பரிந்துரையில் மட்டும் நாம் மாறுபடுகிறோம்.

குழுவின் நோக்கம் விளங்காமலில்லை. 2018-இல் திருப்பூர் மாவட்டத்தில் அவிநாசி அருகே அரசுப் பள்ளியொன்றில் தலித் சமையலரை எதிர்த்து ஊரார் திரண்டபோது, முதலில் இடமாற்றம் செய்யப்பட்டவர் அந்தப் பெண்ணே. எதிர்ப்பு கிளம்பிய பின்னரே அந்த ஆணை நீக்கப்பட்டது. அத்தகைய அவமதிப்பிலிருந்து சமையலரைக் காக்க மையக்கூடம் உதவும். எங்கோ சமைத்து வண்டியில் வரும் உணவில் சாதி தெரியாது. பிள்ளைகள் உண்பர், பெற்றோர் வாய் திறவார். அந்த அம்மாள் எந்தப் பிள்ளையும் காணாத கூடமொன்றில் அதே கிச்சடியைக் கிண்டிக்கொண்டிருப்பார். சண்டை ஓய்ந்துவிடும், உண்மை. ஓய்ந்தது எதனால்? தெரிந்தால் உண்ண மாட்டார்கள் என்பதை நாமும் ஒப்புக்கொண்டு, தெரியாமல் பார்த்துக்கொண்டதால்தானே!

நாம் வேண்டுவது மிக எளியது. சமையலரை மாற்றாதீர்கள். மறுக்கும் பெற்றோர் வீட்டுக்குத் தலைமையாசிரியர் செல்லட்டும். ஒருமுறை அன்று, பலமுறை. அந்த அம்மாளைப் பிள்ளைகள் பெயர் சொல்லியோ "ஏய்" என்றோ விளிக்காமல் அக்கா, அத்தை என்று அழைக்கப் பழகட்டும். முக்கியமாக, ஆசிரியர்கள் அதே பந்தியில் அதே உப்புமாவை நாள்தோறும் உண்ணட்டும். இதற்குத் தனி நிதியும் வேண்டாம், ஆணையும் வேண்டாம். காலை உணவு எட்டேகாலுக்கு. கோவில்பட்டியில் குடியிருக்கும் ஆசிரியர்கள் அதற்கு முந்தைய பேருந்தைப் பிடிக்க வேண்டியிருக்கும், அவ்வளவே.