ஆறு எண்கள் சான்றாகா

சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் தமிழும் தெலுங்கும் அடுத்தடுத்து வழங்கும் ஊர்களைப் பற்றிய ஆய்வுகளில் நிலப்படம் இன்று அலங்காரமன்று, அதுவே வாதமாகிவிட்டது. பழைய நில அளவைப் படத்தை ஸ்கேன் செய்து, இன்றைய எல்லைகளோடு கணினியில் பொருத்தி, இவ்வூர் இப்பக்கம், அவ்வூர் அப்பக்கம் என்று தீர்ப்பு எழுதப்படுகிறது. அத்தீர்ப்பைத் தாங்குவது படத்துடன் வரும் ‘வேர்ல்ட் ஃபைல்’ என்னும் சிறு உரைக்கோப்பு. அதைத் திறந்து படிப்பது தொழில்நுட்பரின் வேலை என்று மொழியியலார் ஒதுங்குவது அறிவுச் சோம்பல்.

அக்கோப்பில் இருப்பவை ஆறு வரிகள், ஆறு எண்கள். முதல் வரி, ஒரு பிக்சல் நிலத்தில் எவ்வளவு அகலம் என்பது. இரண்டும் மூன்றும் படத்தின் சுழற்சியைக் குறிப்பவை. நான்காவது பிக்சலின் உயரம். படத்தில் வரிசைகள் மேலிருந்து கீழே எண்ணப்படுவதால் அது பெரும்பாலும் எதிர்மறை எண். ஐந்தும் ஆறும் இடப்பக்க மேல்மூலைப் பிக்சலின் மையத்துக்குரிய ஆயத்தொலைவுகள். அவ்வளவே.

அக்கோப்பு சொல்லாமல் விடுவதே ஆபத்தானது. அவ்வெண்கள் எந்த டேட்டத்தைச் சார்ந்தவை என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. இந்திய நில அளவைத் துறையின் பழைய படங்கள் எவரெஸ்ட் நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை. கைப்பேசியின் ஜிபிஎஸ் தருவது டபிள்யூஜிஎஸ் 84. ஒன்றை மற்றொன்றாகக் கொண்டால் இவ்வட்டாரத்தில் படம் நூறு மீட்டருக்கும் மேல் நகர்ந்துவிடும். அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற அளவிலான படத்தை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் ஒரு பிக்சல் ஏறத்தாழ 5.4 மீட்டர். பிக்சலின் மையமா மூலையா என்ற குழப்பத்தால் வரும் பிழை நான்கு மீட்டருக்குள் அடங்கும். டேட்டத்தை மறந்த பிழை அதைப் போல் பல மடங்கு.

மேலும், கோப்புக்குத் தன் படம் எதுவென்று தெரியாது. மின்னஞ்சலில் அனுப்புவதற்காகப் படத்தைப் பாதியளவாக்கிப் பழைய கோப்பையே இணைத்தால், சித்தூரும் திருப்பதியும் வடமேற்கு மூலையை நோக்கி ஒருங்கே ஊர்ந்துவிடும். மென்பொருள் எச்சரிக்காது.

“மொழி எல்லை ஒரு பட்டை, நூறு மீட்டர் எம்மாத்திரம்?” என்பர். பட்டை என்பது உண்மையே. அப்படியானால் மெல்லிய கோடு வரைந்தது ஏன்? ஊர்ப்புள்ளிகளை எல்லைக்குள் எண்ணிப் பெரும்பான்மை கண்டது ஏன்? எண்ணிக்கை தொடங்கிய கணமே நூறு மீட்டர் ஒரு குடியிருப்பை முழுதாக இடம்மாற்றும்.

இந்நிலத்தில் இது ஏட்டுச் சிக்கலன்று. கிராமத்தை அலகாகவும் மொழிப் பெரும்பான்மையை அளவுகோலாகவும் கொண்ட படாஸ்கர் பரிந்துரையின் வழியே 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது; சத்தியவேடு ஆந்திரத்துக்குச் சென்றது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானபோது கோடுகள் மீண்டும் மாறின. ஊர் எந்தப் பக்கம் என்ற கேள்விக்கு இவ்வளவு வரலாறு உள்ள இடத்தில், மூலம் அறியாத ஆறு எண்களைச் சான்றாக நிறுத்துவது ஆய்வறமாகாது.

கல்வெட்டைப் பதிப்பிப்பவர் சிதைந்த எழுத்தைச் சிதைந்தது என்றே குறிக்கிறார். ஊகித்ததை ஊகம் என்கிறார். நிலப்படத்துக்கும் அதே நேர்மை வேண்டும். எந்தப் படத்தாள், எந்த ஆண்டு, எந்த டேட்டம், எத்தனை கட்டுப்பாட்டுப் புள்ளிகள், எஞ்சிய பிழை எத்தனை மீட்டர் என்ற ஐந்தும் ஆய்வேட்டில் இடம்பெறட்டும். இவை இல்லாத படத்தைத் தேர்வாளர்கள் திருப்பி அனுப்பட்டும். ஒலியனைப் பிரிக்கக் கற்பிக்கும் துறைக்கு ஆறு வரிகளைப் படிக்கக் கற்பிப்பது பெருஞ்சுமையன்று.