கொடியைப் பார்த்து வாங்கும் எண்ணெய்

ஸ்பெயினின் தெற்கே ஹாயேன் மாகாணத்தில் 6 கோடிக்கும் மேற்பட்ட ஆலிவ் மரங்கள் நிற்கின்றன. பெரும்பாலானவை பிக்குவால் ரகம். காய் பச்சையாக இருக்கும்போதே பறித்துப் பிழிந்த எண்ணெயை முகர்ந்தால், தக்காளி இலையைக் கசக்கிய வாசனை மூக்கில் ஏறும். நாக்கில் வைத்தால் கசக்கும். அதே நாட்டின் வடகிழக்கே, காத்தலோனியாவில் விளையும் ஆர்பெகினா எண்ணெய் வேறு சாதி. ஆப்பிளும் பாதாமும் சேர்ந்தாற்போல ஒரு மென்மை. கடை அலமாரியில் இரண்டு பாட்டிலிலும் ‘ஸ்பெயின்’ என்றுதான் எழுதியிருக்கும். அந்தச் சொல்லை நம்பி வாங்குகிறவருக்கு எந்த மணம் கிடைக்கும்?

முழு ஆலிவ் காய்க்கு மணம் மிகக் குறைவு. பூண்டுப் பல்லை நசுக்கும்வரை நெடி எழாததைப் போல, ஆலையில் காய் நசுங்கும் நொடியில்தான் இதன் மணம் பிறக்கிறது. காயிலுள்ள நொதிகள் லினோலிக், லினோலெனிக் கொழுப்பு அமிலங்களை உடைத்து, வெட்டிய புல்லின் வாசனை தரும் சேர்மங்களாக மாற்றுகின்றன. எந்த நொதி எவ்வளவு வேலை செய்யும் என்பதைப் பெரும்பாலும் ரகமே தீர்மானிக்கிறது. காய் பழுக்கப் பழுக்க அந்தப் பச்சை வாசனை அடங்கும். அரைத்த விழுதைச் சூடாக்கினாலும் மணம் போய்விடும். ‘குளிர் பிழிவு’ என்று போட்டுக்கொள்ள 27 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கிறது ஐரோப்பிய விதி.

கசப்பும் தொண்டைக் காரமும் ஃபீனால்கள் என்ற சேர்மங்களின் வேலை. தண்ணீருக்குத் தவித்த மரத்தின் காயில் இவை அதிகம். பாசனத்தில் செழித்த மரத்தில் குறைவு. தொண்டையைப் பிடித்து இரும வைக்கும் ஓலியோகாந்தால் என்ற ஃபீனால், இபுப்ரோஃபென் மாத்திரையைப் போலவே வேலை செய்கிறது என்று 2005இல் ‘நேச்சர்’ இதழில் ஆய்வு வந்தது. இருமல் வந்தால் எண்ணெய் கெட்டது என்று நினைப்பவர்கள் நல்ல பாட்டிலைத்தான் ஒதுக்குகிறார்கள்.

அப்படியானால் ஊருக்கு என்ன பங்கு? பெரிய பங்கு உண்டு. ஆனால் ஒயின் வியாபாரிகளிடம் கடன் வாங்கிய ‘மண்ணின் மகிமை’ப் பேச்சு அதை விளக்காது. இத்தாலியின் டஸ்கனியில் பனிக்கு அஞ்சிச் சீக்கிரம் பறிக்கிறார்கள். அதனால் அங்கே கூனைப்பூ வாசமும் உறைப்பும். லிகூரியாவின் தஜ்ஜியாஸ்கா காய்கள் இதமான கடற்கரையில் நிதானமாகப் பழுக்கின்றன, எண்ணெயும் சாதுவானது. ஊரின் மணம் என்பது அந்த ஊர் மரமும் வெயிலும் பறிக்கும் பழக்கமும் பல தலைமுறையாகச் சேர்ந்து வந்தது. அவற்றில் ஒன்றைப் பிரித்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு சாட்சிகள் உண்டு.

முதலாவது அர்ஜென்டினா. காத்தலோனியாவின் ஆர்பெகினாவை அங்குள்ள கத்தமார்காவின் வெப்பப் பள்ளத்தாக்குகளில் நட்டார்கள். மரம் அதேதான். காயில் எண்ணெய் சேரும் மாதங்களில் வெயில் கொளுத்தியதால், ஆலிவ் எண்ணெயின் முக்கியக் கொழுப்பு அமிலமான ஒலீயிக் சரிந்தது. சர்வதேசத் தர விதி அப்போது கேட்ட 55 சதவீதத்துக்கும் கீழே போனதுண்டு. ஒலீயிக் குறைந்த எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். புதிதாக இருக்கையில் எவ்வளவு மணந்தாலும் அது நிலைக்காது.

இரண்டாவது, இத்தாலியின் குதிகால் போன்ற சலெந்தோ. 2013இல் அங்கே சைலெல்லா என்ற பாக்டீரியா கண்டுபிடிக்கப்பட்டது. செடிகளில் எச்சில் நுரை கட்டும் ஒரு பூச்சி அதைப் பரப்ப, சில நூறு வயதுள்ள மரங்கள் உட்படப் பல லட்சம் மரங்கள் காய்ந்தன. அழிந்தவை பெரும்பாலும் உள்ளூர் ரகங்களான ஓலியரோலாவும் செல்லினாவும். அவற்றின் இடத்தில் நோயைத் தாங்கும் லெச்சினோவும் எஃப்எஸ்-17 ரகமும் நடப்படுகின்றன. மண் அதே, கடற்காற்று அதே. செக்கிலிருந்து வழிவது பழைய சலெந்தோ எண்ணெய் அல்ல.

இதையெல்லாம் மறைக்கத்தான் முகப்புச் சீட்டில் கொடியும் கோபுரமும். இத்தாலி தான் உற்பத்தி செய்வதைவிட அதிகமாக ஸ்பெயின், கிரீஸ், துனீசியாவிலிருந்து வாங்கிக் கலந்து அடைக்கும் நாடு. 2009 முதல் ஐரோப்பாவில் விற்கும் வர்ஜின் எண்ணெய்க்கு மூலநாடு குறிப்பிடுவது கட்டாயம். ஆனால் ‘ஐரோப்பிய ஒன்றிய எண்ணெய்களின் கலவை’ என்று பொடி எழுத்தில் போட்டாலே விதி நிறைவேறிவிடுகிறது. நம் ஊர்க் கடைகளில் அடுக்கியிருக்கும் ‘லைட்’, ‘போமேஸ்’ வகைகளில் ஊரைத் தேடுவதே வீண். அவற்றில் பெரும்பகுதி சுத்திகரித்த எண்ணெய். மணத்தை ஆலையிலேயே நீக்கிவிடுகிறார்கள். தாளிக்க ஆகும், அவ்வளவுதான்.

எக்ஸ்ட்ரா வர்ஜினுக்குக் காசு கொடுப்பவர்கள் பாட்டிலின் முகப்பை விட்டுப் பின்பக்கத்தைத் திருப்பிப் படிக்கட்டும். காயின் ரகம், விளைந்த வட்டாரம், அறுவடை செய்த மாதம் ஆகிய மூன்றும் அங்கே இல்லையென்றால், எந்த நாட்டுக் கொடி பறந்தாலும் பாட்டிலை அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.