பொம்மை முகமும் மல்லிகை முகமும்



இத்தாலியில் துப்பறியும் கதைக்கு ‘ஜல்லோ’ எண்டு பெயர். மஞ்சள் என்பதுதான் அர்த்தம். 1929இல் மொண்டடோரி பதிப்பகம் குற்றக்கதை வரிசை ஒன்றை மஞ்சள் அட்டையில் வெளியிடத் தொடங்கியது. அட்டையின் நிறமே அந்த வகைக் கதைக்கும், பிறகு சினிமாவுக்கும் பெயராகிப் போச்சு. கதைக்கு முதல் நிறம் வாசகரிட்டப் போய்ச் சேருது. இது அச்சகக்காரருக்குத் தெரியும், கடைக்காரருக்குத் தெரியும். எங்களுக்குத்தான் ஏறுதில்லை.

அடுத்த இதழை அச்சடித்து பலாறோ சந்தைப் பக்கத் தமிழ்க் கடைகளில் வைப்பம் எண்டு முடிவெடுத்திருக்கிறம். முன்னட்டைக்கு வந்த யோசனை: சிவப்புப் பின்னணி, கறுப்பு முஷ்டி. “முகம் போட்டால் சினிமாப் புத்தகம் மாதிரிப் போயிடும்” என்பது பெரும்பான்மைக் கருத்து. எனக்கு இதில் உடன்பாடில்லை.

பழைய ‘பேசும் படம்’, ‘பொம்மை’ அட்டைகளை எடுத்துப் பாருங்கோ. அனேகமா ஒரேயொரு முகம், கூடுதலா நடிகையின் முகம். பின்னால வெறும் நிறம். மேலே தடித்த எழுத்தில் பெயர். கடை வாசலில் கயிறு கட்டி, கிளிப் போட்டுத் தொங்கவிட்ட பத்துப் பதினைந்து புத்தகங்களுக்குள்ள ரோட்டால போறவரின் கண்ணை அது பிடிக்க வேணும். அதனால்தான் அந்தச் சிவப்பும் மஞ்சளும்: தூரத்திலேயே முன்னுக்கு வந்து நிக்கிற நிறங்கள். உள்ளே மலிவான தாள், கறுப்பு வெள்ளை. நல்ல தாளும் பல நிற அச்சும் அட்டைக்குத்தான். வாசித்து முடிஞ்ச பிறகும் அட்டைக்குச் சாவில்லை. பள்ளிக்கூடக் கொப்பிக்கு உறையாகும், சலூன் சுவரில் ஏறும்.

இதைக் கண்டு பயந்த இடதுசாரிகள் உண்டு. 1970இல் வந்த சிறிமாவோவின் கூட்டரசாங்கம், சமசமாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்திருந்த அரசு, இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. முற்போக்கு எழுத்தாளர் பலர் வரவேற்றார்கள். உள்ளூர் வெளியீடுகளுக்கு அதால இடம் கிடைத்ததும் உண்மை. ஆனால் இறக்குமதியை நிப்பாட்டலாம், ஆசையை நிப்பாட்ட ஏலாது.

டொமினிக் ஜீவா வேற மாதிரி யோசித்தார். ‘பொம்மை’ தொடங்கிய அதே 1966இல்தான் யாழ்ப்பாணத்தில் ‘மல்லிகை’யைத் தொடங்கினார். சலூன் தொழிலாளி, கம்யூனிஸ்ட், சாதியால் ஒடுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். இதழைக் கையில எடுத்துக்கொண்டு தெருத் தெருவா விற்றவர். மல்லிகையின் அட்டையிலும் முகம்தான் வந்தது! எழுத்தாளர், கலைஞர், கல்விமான் எண்டு எங்கட ஊர் ஆக்களின் முகம். உள்ளே அவரைப் பற்றி ஒரு கட்டுரை. நட்சத்திரத்துக்கு ஒதுக்கின இடத்தில் அயலவரைக் கொண்டுவந்து வைத்த வேலை அது. 400க்கு மேற்பட்ட இதழ்கள் வந்தன. நிறத்தில் அது பொம்மையோட போட்டி போடவில்லை, அதுக்குக் காசும் இல்லை.

இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சியின் ‘வியே நுவோவே’ வார இதழ் இன்னொரு பாதையில் போனது. அட்டையில் நடிகைகளைப் போட்டார்கள், ‘மிஸ் வியே நுவோவே’ எண்டு அழகிப் போட்டியே வைத்தார்கள். எனக்கு அது பிடிக்கேல்லை. முகத்தை எடுத்தவை, அதோட சேர்ந்து வந்த பார்வையையும் அப்படியே எடுத்திட்டினம்.

அந்தப் பார்வைதான் என் பிரச்சினை. நாலு நிற அச்சில் நீலத்தையும் கறுப்பையும் கொஞ்சம் குறைத்தால் தோல் வெளுக்கும். கண்ணை இழுக்கிற நிறமும் தோலை வெளுக்கிற நிறமும் ஒரே மேசையில்தான் முடிவாகுது. சினிமாப் புத்தகத்தை மட்டும் குறை சொல்லி என்ன? எங்கட சாமத்திய வீட்டு அல்பங்களைத் திறந்து பாருங்கோ. பிள்ளையின் நிறம் எங்க போனது?

முகம் வேண்டாம் என்பதற்கு ஒரு நியாயமான காரணம் இருக்கு. விசா அலுவல் முடியாத ஆக்கள், ஊரில் குடும்பம் உள்ள ஆக்கள், எங்கட இதழில் முகம் காட்டப் பயப்படுவினம். அதை மதிக்க வேணும், சம்மதம் இல்லாமல் ஒரு படமும் போகக் கூடாது. ஆனால் அதைச் சாட்டி எல்லா முகத்தையும் அழிக்க வேண்டியதில்லை. எங்கட சனம், சைவக்காரரும் சேர்த்து, மொந்தே பெல்லெகிரினோ ஏறிப் போய் சாந்தா ரோசாலியாவின் முகத்தைப் பார்த்திட்டுத்தான் வருகினம். முஷ்டியைப் பார்க்க ஆர் மலை ஏறுவினம்?

என் யோசனை இதுதான். இங்க வீடுகளில் முதியவர்களைப் பராமரிக்கிற எங்கட அக்காமாரில் ஒருவர், விருப்பத்தோட வாறவர், அட்டை முழுக்க. மஞ்சள் பின்னணி, தடித்த எழுத்து. தோலின் நிறத்தில் ஆரும் கை வைக்கக் கூடாது. அச்சகத்தில் முதல் தாள் வரும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போவம். தாளை அவரின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, நிறம் சரி எண்டு அவரே சொன்ன பிறகு மிச்சத்தை அடிக்கட்டும்.