நாட்காட்டிக்கு அடங்காத உருகல்

குளிர்நாட்டுத் தெருக்களைக் கடுங்குளிரே கெடுக்கின்றது என்ற எண்ணம் எம்மிடையே உண்டு. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வாழும் தம் பிள்ளைகளிடமிருந்து குண்டும் குழியுமான வீதிகளைப் பற்றிக் கேள்வியுறும் வாசகர் பலர் அவ்வாறு கருதுவது இயல்பே. ஆயினும், ஆழ உறைந்த தெரு கல்லுக்கு நிகரானது. அதனாலேயே அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம், நிலம் நன்கு உறைந்த காலத்தில் லொறிகள் வழக்கத்திலும் கூடிய பாரம் ஏற்ற இடமளிக்கின்றது. தெருவுக்கு நஞ்சாவது, உறைவதும் உருகுவதும் மாறி மாறி வருவதாகும்.

நீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும். தார்ப்பரப்பின் வெடிப்புகளிற் புகுந்த நீர் அவ்வாறு பருத்து வெடிப்பை அகட்டும். ஆனால் பெருங்கேடு விளைவது அடியிலேயாகும். நுண்ணிய வண்டல் மண்ணினூடாகக் கீழுள்ள நீர், திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, உறையும் படையை நோக்கி ஏறிப் பனிக்கட்டித் தகடுகளாகத் திரண்டு தெருவையே உயர்த்திவிடுகின்றது. உறையும்போது சுருங்கும் பென்சீனைக் கொண்டும் மண்ணை உயரச் செய்யலாம் என ஸ்ரீபன் ரேபர் என்ற அமெரிக்க அறிஞர் 1930 ஆம் ஆண்டளவிற் காட்டியதால், நீரின் பருமன் பெருக்கம் மட்டுமே இதற்குக் காரணமன்று என்பது தெளிவாயிற்று.

பின்னர் வெப்பம் வந்ததும் உருகல் பெரும்பாலும் மேலிருந்து கீழே செல்கின்றது. அடியில் இன்னும் உறைந்துள்ள மண்ணோ நீரை வடியவிடாது. வரம்பு கட்டிய வயலில் நீர் நிற்பது போலத் தெருவின் அடித்தளத்தில் நீர் நிற்கும். அந்நாட்களில் ஒரு பார லொறி செல்லுமாயின் விளைவு என்னவென்பதை எம் கமக்காரருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. சேற்று வயலில் வண்டி இறக்கியவர் அவர். அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடத்தப்பெற்ற பெருஞ்சோதனையிலிருந்து பொறியியலாளர் பெற்ற விதியொன்றுண்டு: அச்சின் பாரம் இரட்டித்தால் தெருவுக்கு நேரும் சேதம் ஏறக்குறைய 16 மடங்காகும்.

இதனை உணர்ந்தே ஒன்ராறியோவின் சட்டம், குறிக்கப்பட்ட தெருக்களில் இளவேனிற் காலத்தில் ஓர் அச்சுக்கு 5,000 கிலோகிராமுக்கு மேற்படாத பாரத்தையே பெரும்பாலான வணிக வாகனங்களுக்கு அனுமதிக்கின்றது. அக்காலத்தின் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கும் அதிகாரம் உள்ளூராட்சி மன்றங்களுக்கும் உண்டு. ஆனால் அவற்றுட் பல, மார்ச் 1 முதல் ஏப்ரில் 30 வரை என ஒரு தடவை எழுதிவைத்துவிட்டு அமைதியடைகின்றன. எமது குறை இதுவே. 1948 முதல் 2016 வரை கனடாவின் சராசரிக் குளிர்கால வெப்பநிலை 3.3 பாகை செல்சியசு உயர்ந்துள்ளதென அந்நாட்டரசின் 2019 ஆம் ஆண்டு அறிக்கையே கூறுகின்றது. நடுக்குளிரில், ஜனவரியிலோ பெப்ரவரியிலோ, நிலம் உருகுமாயின் அங்கே காவலில்லை. முழுப்பாரத்துடன் லொறிகள் ஓடும். மீண்டும் உறையும், மீண்டும் உருகும். இறுதியில் மார்ச் முதலாந் தேதி பலகை நாட்டப்படும்போது காப்பாற்ற வேண்டிய தெரு முன்னரே நொந்திருக்கும்!

குளிர் குறைந்தால் தெருவுக்கு நன்மைதானே என்பர் சிலர். உறைபனியே இல்லாத இடத்துக்கு அது பொருந்தலாம். சுழியப் பாகையைச் சுற்றி ஊசலாடும் இடத்துக்கு ஒருபோதும் பொருந்தாது.

திகதி நிச்சயமாக இருந்தாற்றான் தொழில் நடத்தலாம் என்று லொறி உடைமையாளரும் விவசாயிகளும் கூறுவதில் நியாயம் உண்டு. தானியத்தையும் தீவனத்தையும் அரைப்பாரமாக ஏற்றினால் ஓட்டம் இரட்டிக்கும், கூலியும் ஏறும். எனினும் மினசோட்டாவில் வெப்பநிலைக் கணிப்பைக் கொண்டே கட்டுப்பாடு தொடங்கும் நாள் தீர்மானிக்கப்பட்டு, சில நாட்களுக்கு முன்பே அறிவிக்கப்படுகின்றது. அங்கு உழவுத்தொழில் அழிந்துவிடவில்லை. மேலும், உடைந்த தெருவைத் திருத்தும் பணம் அதே விவசாயி செலுத்தும் ஆதனவரியிலிருந்தன்றோ வருகின்றது? மக்கள்தொகை குறைந்து தெருநீளம் மிகுந்த சிறு கிராம மன்றங்களே இதனால் முதலில் நலிவன.

ஆதலின் அம்மன்றங்கள் தம் சட்டங்களிலுள்ள திகதியை நீக்கி, வெப்பநிலைக் கணிப்பை அவ்விடத்தில் வைத்தல் வேண்டும். முக்கிய தெருக்களின் அடியில் மண்ணின் வெப்பத்தை அளக்குங் கருவிகளைப் புதைப்பதற்கு மாகாண அரசு பணம் கொடுக்கட்டும். ஒரு மைல் தெருவைப் புதிதாக இடும் செலவோடு ஒப்பிட்டால் அது அற்பத் தொகையே.