டிரைவ் தொலையவில்லை, பட்டியலில்தான் பெயர் இல்லை

பீரோவின் மேல்தட்டில், பட்டுப்புடவைப் பெட்டிக்குப் பக்கத்தில், ஸ்டூடியோ பெயர் அச்சடித்த பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டு மூன்று டிவிடிகள். பதினைந்து இருபது வருடங்களுக்கு முன்பு பெரம்பலூர், அரியலூர் பக்கம் கல்யாணம் நடந்த வீடுகள் பலவற்றில் இன்றும் இதைப் பார்க்கலாம். எடுத்த புதிதில் நாலைந்து முறை போட்டுப் பார்த்திருப்பார்கள். அதற்கப்புறம் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

ஒரு நாள் அது தேவைப்படும். தாத்தா போய் வருடம் திரும்பப் போகிறது, பேத்தி கேட்கிறாள், "தாத்தா எப்படிப் பேசுவாரும்மா?" போட்டோ இருக்கிறது, குரல் இல்லை. பந்தி நடந்த இடத்தில் நின்று அவர் எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்ட அந்த அரை நிமிடம் கல்யாண டிவிடியில் மட்டும்தான் இருக்கிறது. பரணிலிருந்து பழைய லேப்டாப்பை இறக்கி, சார்ஜ் போட்டு, தட்டை இழுத்து டிஸ்க்கை வைத்தால், திரையில் சி டிரைவ் இருக்கிறது, டி டிரைவ் இருக்கிறது, டிவிடி டிரைவ் மட்டும் காணோம்.

கடைக்குக் கொண்டுபோனால் பல இடங்களில் முதலில் கிடைக்கும் வைத்தியம், "ஃபார்மேட் போட்டுப் பார்த்துடலாங்க்கா." இதற்கு அவசரப்பட்டுத் தலையாட்டக் கூடாது. அந்த லேப்டாப்பில் குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்கள் இருக்கலாம், காலேஜ் புராஜெக்ட் இருக்கலாம். டிவிடி டிரைவ் தெரியவில்லை என்பதற்காக ஃபார்மேட் செய்வது, வாசல் விளக்கு எரியவில்லை என்று வீட்டையே இடித்துக் கட்டுகிற கதை.

அரியலூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். 2001 ஜனவரியில் பெரம்பலூரிலிருந்து பிரிந்து அரியலூர் தனி மாவட்டம் ஆனது. அடுத்த வருடமே அதை மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். 2007 நவம்பரில் திரும்பவும் தனி மாவட்டம். இடைப்பட்ட அஞ்சு வருடமும் மாவட்டப் பட்டியலில்தான் அரியலூர் இல்லை. ஊரும் ரயில்வே ஸ்டேஷனும் சிமென்ட் ஆலைகளும் இருந்த இடத்திலேயேதான் இருந்தன. காணாமல் போன டிரைவும் பல நேரம் இப்படித்தான். பொருள் நன்றாக இருக்கும், விண்டோஸ் வைத்திருக்கும் பட்டியலில் பெயர் விட்டுப் போயிருக்கும்.

ஆகவே முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. டிரைவ் பட்டியலில் இருக்கிறது, டிஸ்க்கைப் போட்டால் படிக்கவில்லை என்பது ஒரு நோய். டிரைவே பட்டியலில் இல்லை என்பது வேறு நோய். முதலாவதற்குத் தூசி, கீறல், மங்கிய லென்ஸ் காரணமாக இருக்கலாம். இரண்டாவதற்கு டிஸ்க்கை எத்தனை முறை துடைத்தாலும் பலன் இல்லை. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலையோரத்து வீடுகளில் எல்லாப் பழியையும் தூசி மேல் போடுவது வழக்கம். தூசி லென்ஸை மறைக்கும்; டிரைவைப் பட்டியலிலிருந்து அழிக்காது.

தட்டைத் திறக்கும் பட்டனை அழுத்திப் பாருங்கள். விளக்கு மின்னித் தட்டு வெளியே வந்தால், டிரைவுக்குக் கரண்ட் போகிறது. சத்தமே இல்லையென்றால் இணைப்பு தளர்ந்திருக்கலாம். பெட்டிக்குள் முட்டி மோதி வந்த லேப்டாப்புகளில் இது நடக்கக்கூடியதுதான். டிஸ்க் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தால் பயம் வேண்டாம். தட்டின் முகப்பில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். லேப்டாப்பை அணைத்துவிட்டு, நிமிர்த்திய ஜெம் கிளிப்பை நேராக உள்ளே அழுத்தினால் தட்டு விடுபடும்.

அடுத்தது, விண்டோஸ் விழிப்பதற்கு முன்பே டிரைவ் தெரிகிறதா என்று பார்ப்பது. லேப்டாப்பை ஆன் செய்த உடனே எஃப்2 அல்லது எஃப்12-ஐ (ஹெச்பி என்றால் பெரும்பாலும் எஃப்9) விட்டுவிட்டுத் தட்டினால் ஒரு பழைய பாணித் திரை வரும். எதிலிருந்து தொடங்கலாம் என்று அது காட்டும் பட்டியலில் ஹார்ட் டிஸ்க்கோடு டிவிடி டிரைவின் பெயரும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வேறு எதையும் மாற்றாமல் வெளியே வந்துவிடலாம். அங்கே பெயர் இருந்தால் டிரைவுக்கு உயிர் இருக்கிறது, கோளாறு பெரும்பாலும் விண்டோஸில். அங்கேயும் இல்லையென்றால் கோளாறு இணைப்பிலோ டிரைவிலோதான். ஃபார்மேட் போட்டு ஒரு பயனும் இல்லை.

இந்தப் பரிசோதனைக்குத் தமிழ்நாட்டில் இன்னொரு வசதியும் இருந்தது. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகள் வாங்கி வந்த லேப்டாப்புகளில், விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்தே வந்தது. சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. வாங்கிய வேகத்தில் பலர் அதை அழித்துவிட்டு விண்டோஸை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அழிக்காமல் விட்டவர்கள் பாக்கியசாலிகள். தொடங்கும்போது பாஸைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய், டிஸ்க்கைப் போட்டுப் பார்க்கலாம். அங்கே திறந்துவிட்டால் விண்டோஸோடு மல்லுக்கட்டவே வேண்டியதில்லை. பாஸிலிருந்தே பென் டிரைவுக்கு நகல் எடுத்துவிடலாம். பாஸ் இல்லாதவர்கள் உபுண்டு ஏற்றிய பென் டிரைவால் லேப்டாப்பைத் தொடங்கியும் இதையே செய்யலாம். ஹார்ட் டிஸ்க்கில் அதை நிறுவாமல், சும்மா ஓட்டிப் பார்க்கிற வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

விண்டோஸுக்குள் என்றால், டிவைஸ் மேனேஜரைத் திறக்க வேண்டும். விண்டோஸ் 10, 11-ல் ஸ்டார்ட் பட்டன் மேல் ரைட் கிளிக் செய்தால் அந்தப் பெயர் இருக்கும். அங்கே டிவிடி/சிடி-ரோம் டிரைவ்ஸ் என்ற வரியை விரித்துப் பாருங்கள். டிரைவின் பெயர் ஒழுங்காக இருந்து, ஃபைல்கள் பார்க்கும் இடத்தில் மட்டும் காணவில்லை என்றால், அதற்குரிய எழுத்து விட்டுப் போயிருக்கிறது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் அதற்கு ஓர் எழுத்து கொடுத்தால் தீர்ந்தது.

பெயர் மேல் மஞ்சள் முக்கோணம் இருந்தால் அதை இரண்டு முறை கிளிக் செய்து, வரும் செய்தியில் என்ன எண் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 19, 31, 32, 39, 41 இவற்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். உடனே செய்யக்கூடியது, அந்தப் பெயர் மேல் ரைட் கிளிக் செய்து அன்இன்ஸ்டால் கொடுத்து, லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்வது. பயப்பட வேண்டாம், விண்டோஸே அதை மறுபடி கண்டுபிடித்துச் சேர்த்துக்கொள்ளும். பல லேப்டாப்புகள் இதோடு சரியாகிவிடும்.

ஆகாவிட்டால் சிக்கல் கொஞ்சம் ஆழத்தில் இருக்கிறது. டிஸ்க் எழுதும் மென்பொருள்கள், ஐடியூன்ஸ் போன்றவை, விண்டோஸுக்கும் டிரைவுக்கும் நடுவே ஒரு வாட்ச்மேனை உட்கார வைக்கும். பிறகு அந்த மென்பொருளை நீக்கும்போது சில நேரம் வாட்ச்மேன் போய்விடுவார், பதிவேட்டில் அவர் பெயர் மட்டும் நின்றுவிடும். விண்டோஸ் கேட்டருகே வந்து வாட்ச்மேனைத் தேடும், ஆள் இல்லை என்றதும் டிரைவையே திறக்காமல் திரும்பிவிடும். பழைய விண்டோஸிலிருந்து புதியதற்கு மாறியபோது டிரைவைத் தொலைத்தவர்கள் பலர் இந்த வகைதான்.

அந்தப் பதிவேட்டுக்கு ரெஜிஸ்ட்ரி என்று பெயர். அதில் லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், கிளாஸ் என்று வரிசையாக உள்ளே போனால், 4டி36ஈ965 என்று தொடங்கும் நீண்ட எண்ணுள்ள பெட்டி ஒன்று இருக்கும். அதன் வலப்பக்கத்தில் அப்பர் ஃபில்டர்ஸ், லோயர் ஃபில்டர்ஸ் என்ற வரிகள் இருந்தால் அவற்றை மட்டும் நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். இங்கேதான் நிதானம் வேண்டும். 965-க்குக் கொஞ்சம் கீழே 967 என்று முடிகிற இன்னொரு பெட்டி இருக்கிறது. அது ஹார்ட் டிஸ்க்குக்கு உரியது. அதில் இருக்கும் அப்பர் ஃபில்டர்ஸை அழித்தால் லேப்டாப் தொடங்கவே தொடங்காமல் போகலாம். அதனால் கை வைக்கும் முன் வலப்பக்கத்தில் கிளாஸ் என்ற வரிக்கு நேரே சிடிரோம் என்று இருக்கிறதா என்று படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். எக்ஸ்போர்ட் கொடுத்து அந்தப் பெட்டியின் நகலைச் சேமித்துவிட்டுத் தொடுவது உத்தமம். இவ்வளவு தூரம் போகத் தயக்கமாக இருந்தால் தெரிந்த பிள்ளை யாரையாவது கூப்பிடலாம். ஐந்து நிமிட வேலை. கடைக்காரரிடமும் "ஃபார்மேட் வேண்டாம் தம்பி, ஃபில்டர்ஸ் மட்டும் பாருங்க" என்று சொல்லலாம். தொழில் தெரிந்தவர் என்றால் உடனே புரிந்துகொள்வார்.

தொடக்கத் திரையிலேயே டிரைவ் தெரியவில்லை என்றால் ஸ்க்ரூ டிரைவர் வேலை. பெரும்பாலான பழைய லேப்டாப்புகளில் டிவிடி டிரைவை அடிப்பக்கம் ஒரே ஒரு ஸ்க்ரூதான் பிடித்துக்கொண்டிருக்கும். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றிவிட்டு, அந்த ஸ்க்ரூவை எடுத்தால் டிரைவ் மேசை டிராயர் மாதிரி வழுக்கி வெளியே வரும். பின்னால் உள்ள இணைப்பில் தூசி இருந்தால் ஊதி, நேராக உள்ளே தள்ளி, நன்றாக உட்கார்ந்ததா பார்த்து மாட்டுங்கள். அதற்கும் மசியாவிட்டால் டிரைவ் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். யுஎஸ்பியில் செருகும் வெளி டிரைவ் ஒன்று தெருவுக்கு ஒன்று இருந்தால் போதும், யாரிடமாவது இரவல் கேளுங்கள். அதை ஹப்பில் மாட்டாமல் நேரடியாக லேப்டாப்பில் செருகுங்கள்; கரண்ட் போதாவிட்டால் அதுவும் பட்டியலில் வராது. செல்போனில் ஓடிஜி வயர் போட்டு முயற்சி செய்பவர்களுக்கு இதே காரணத்தால்தான் பெரும்பாலும் ஏமாற்றம்.

டிரைவ் தெரிந்த பிறகும் டிஸ்க் ஓடவில்லை என்றால் அது முதல் நோய். விண்டோஸ் 8 வந்த 2012-லிருந்து, டிவிடி படம் ஓட்டும் வசதியை விண்டோஸ் தன்னோடு சேர்த்துத் தருவதில்லை. விஎல்சி போட்டுக்கொண்டால் ஓடும். சிடி ஓடுகிறது, டிவிடி ஓடவில்லை என்றாலும் குழம்ப வேண்டாம். இரண்டையும் படிப்பது வெவ்வேறு லேசர் ஒளி, ஒன்று மங்கி மற்றது நன்றாக இருக்கலாம். டிஸ்க்கைத் துடைப்பதானால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக. வட்டமாகத் தேய்த்தால் விழும் கீறல் ஆபத்தானது.

பெரம்பலூர் பக்கம் சாத்தனூரில் ஒரு மரம் கல்லாகி, சுமார் 12 கோடி வருடமாகப் பதினெட்டு மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கிறது. 1940-ல் புவியியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் அதைக் கண்டறிந்தார். கல்யாண டிஸ்க்குக்கு அப்படிப்பட்ட ஆயுள் இல்லை. ஸ்டூடியோவில் எழுதித் தந்த டிஸ்க்குகளில் படம் பதிந்திருப்பது ஒரு சாயப் படலத்தில். வெயிலும் சூடும் பட்டால் அது வெளுக்கும். அதனால் டிரைவ் ஒருமுறை திறந்துவிட்டால், உட்கார்ந்து படம் பார்ப்பதற்கு முன் நகல் எடுத்துவிடுங்கள். அடுத்த முறை அது திறக்கும் என்று யாரும் எழுதித் தர முடியாது.

டிவிடி என்றால் உள்ளே வீடியோ டிஎஸ் என்ற ஃபோல்டர் இருக்கும். அதை அப்படியே இழுத்து லேப்டாப்பில் போட்டு, அங்கிருந்து 8 ஜிபி பென் டிரைவுக்கு மாற்றலாம். ஒவ்வொரு துண்டும் ஒரு ஜிபிக்கு மேல் போகாது என்பதால் டிவியில் செருகினாலும் பெரும்பாலும் ஓடும். 1, 2, 3 என்ற எண் வரிசையில் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கும் முந்தைய விசிடி என்றால் எம்பெக்ஏவி என்ற ஃபோல்டருக்குள் டாட் என்று முடியும் ஃபைல் இருக்கும், அதை நகல் எடுத்து விஎல்சியில் திறக்கலாம். பாதியில் நகல் நின்றால் டிஸ்க்கை எடுத்துத் துடைத்து, வேறொரு டிரைவில் முயலுங்கள். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படித்துவிடுவது உண்டு. பந்திக் காட்சி பெரும்பாலும் முகூர்த்தத்துக்கு அப்புறம்தான் வரும். தாத்தாவைத் தேடுகிறவர்கள் இரண்டாவது டிஸ்க்கிலிருந்து தொடங்கலாம்.