கீரையில் தீராத மாலைக்கண்: மரபணு சிகிச்சை குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

பொழுது சாய்ந்ததும் குழந்தை எதிரில் இருக்கும் தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிடும். வாசற்படியில் கால் வைக்கத் தடுமாறும். வீட்டுப் பெரியவர்கள் பொன்னாங்கண்ணிக் கீரை வாங்கிவரச் சொல்வார்கள். பரம்பரை விழித்திரை நோயுள்ள குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் சங்கத்தில் இதைச் சொல்லி அழாத தாய்மார் குறைவு. வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண்ணுக்குக் கீரை நல்லதுதான். ஆனால் ஆர்பிஇ65 என்ற மரபணு பழுதான குழந்தைக்கு எத்தனை கட்டுக் கீரை சமைத்துப் போட்டாலும் பயனில்லை. உடம்பில் சேரும் வைட்டமினைப் பார்வைக்கு வேண்டிய வடிவத்துக்கு மாற்றும் நொதியே அங்கே வேலை செய்வதில்லை.

அந்த மரபணுவின் நல்ல பிரதியை, நோய் உண்டாக்காத வைரஸ் ஒன்றில் ஏற்றி விழித்திரைக்கு அடியில் செலுத்தும் மருந்து லக்ஸ்டர்னா. ஜீன் பென்னட், ஆல்பர்ட் மேக்வயர் தம்பதியின் நெடுநாள் உழைப்பு அதன் பின்னே இருக்கிறது. அமெரிக்கா அதற்கு 2017 டிசம்பரில் அனுமதி கொடுத்தது. சிகிச்சை பெற்றவர்களுக்கு முழுப் பார்வை வந்துவிடவில்லை. ஆனால் ஆய்வுக்காக அமைத்த பாதையில், அவர்களில் பலர் மங்கிய வெளிச்சத்தில் தரையிலுள்ள அம்புக்குறிகளைப் பார்த்து, தடைகளில் மோதாமல் நடந்தார்கள். இருட்டினால் வீட்டுக்குள் முடங்கும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிது என்று தெரியும்.

இந்த மரபணு சிகிச்சை ஆராய்ச்சியை நாங்கள் முழுமனதோடு ஆதரிக்கிறோம். ஆனால் அரசிடம் நாங்கள் முதலில் கேட்பது மருந்து அல்ல, மரபணுப் பரிசோதனை. விழித்திரையைப் பாதிக்கும் மரபணுக்கள் 250-க்கும் மேல். லக்ஸ்டர்னா அவற்றில் ஒன்றுக்குத்தான். அதுவும் விழித்திரையில் உயிருள்ள செல்கள் போதிய அளவு எஞ்சியிருந்தால்தான். எது பழுது என்று தெரியாமலே வருடங்கள் ஓடினால், மருந்து வரும்போது காப்பாற்றச் செல்கள் இருக்காது. ஆகவே இந்தப் பரிசோதனையும் மரபணு ஆலோசனையும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்க வேண்டும். சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று தாயை மட்டும் குத்திக்காட்டும் பேச்சும் அந்த ஆலோசனை அறையிலாவது ஓயட்டும். இந்த மரபணுவில் நோய் வர, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வரவேண்டும். உறவுத் திருமணத்தில் அதற்கு வாய்ப்புக் கூடும் என்பது உண்மை. அதில் யார்மீதும் குற்றமில்லை.

அடுத்தது விலை. அமெரிக்காவில் இரு கண்களுக்கும் 8,50,000 டாலர் என்று அறிவித்தார்கள். இறக்குமதியை நம்பி நம் குடும்பங்கள் காத்திருக்க முடியாது. கண்புரை லென்ஸை எளியவர்களுக்கும் எட்டும் விலையில் தயாரித்துக் காட்டியது மதுரை ஆரோலேப். வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் ஹீமோஃபிலியா என்ற ரத்த உறைவுக் குறைபாட்டுக்கு நடந்த மரபணு சிகிச்சை ஆய்வின் முடிவுகள் 2024-ல் வெளிவந்தன. லென்ஸ் வேறு, ரத்தம் வேறு, விழித்திரை வேறுதான். ஆனாலும் இங்கே கைகளும் இருக்கின்றன, அறிவும் இருக்கிறது. வேண்டியது நிலையான அரசு நிதி.

குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டெம் செல் ஊசி போட்டால் பார்வை திரும்பும் என்று யாராவது லட்சக்கணக்கில் கேட்டால், நகையை அடகு வைக்கும் முன் எங்களிடம் வாருங்கள். புதிய சிகிச்சையைச் சோதிக்கும் முறையான ஆய்வில் சிகிச்சைக்கு நோயாளியிடம் பணம் வாங்குவதில்லை. அப்படிப்பட்ட ஆய்வில் சேர்வதானால் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். வீட்டுக்கு எடுத்துவந்து, நிதானமாகப் படித்த பிறகு கையெழுத்திடுங்கள்.