சபைக்குத் தெரியாத கடன்

தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை வந்தது 2003 ஜனவரியில். குமரி மாவட்ட எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டினால் கேரள அரசே, 1967 முதல், அதை நடத்திவருகிறது. விளவங்கோட்டுக்காரருக்கு இது சிறிய பேருந்துப் பயணம். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு தடை செய்தது. அதற்குள் செல்பேசி வழியாக ரம்மி பல வீடுகளுக்குள் போய்விட்டது.

“எங்க சபையில இதெல்லாம் கிடையாது” என்பார்கள் சபைக்காரர்கள். குமரியில் பெந்தெகொஸ்தே சபைகள் சீட்டுக்கட்டைத் தொடவிடுவதில்லை. இஸ்லாத்தில் சூதாட்டம் விலக்கப்பட்டது. கத்தோலிக்க மறைக்கல்வி எல்லா ஆட்டத்தையும் பாவம் என்பதில்லை. ஆனால் அது அடிமைத்தனமாகக்கூடும் என எச்சரிக்கிறது. இந்தக் கண்டிப்பால் பலர் சூதின் பக்கமே போவதில்லை, உண்மைதான். ஆனால் போய்விட்ட ஒருவருக்கு அதே கண்டிப்புதான் திரும்பும் வழியை அடைக்கிறது. தங்கைக்கு ஆலயத்தில் திருமண ஓலை வாசிக்க வேண்டிய நேரத்தில் அண்ணன் கடனாளி என்று ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? அதனால் அவர் வாய் திறப்பதில்லை. தெரிந்தபின் வீட்டாரும் திறப்பதில்லை. ஊரே ஒரே ஆலயத்துக்குப் போகும் இடத்தில் யாரிடம் சொன்னாலும் அது எல்லாரிடமும் சொன்னதாகிவிடும்.

வெனிஸ் நகர யூத ரப்பி லியோன் மொதெனா (1571–1648) சிறுவயதிலேயே சூதாட்டத்தைப் பற்றி ஓர் உரையாடல் நூல் எழுதியவர். வேதத்தில் ஆழ்ந்த அறிஞர். வாழ்நாள் முழுக்கச் சூதில் தோற்றதைத் தன்வரலாற்றில் அவரே எழுதிவைத்தார். சூதாடுபவரைச் சமூகத்திலிருந்து விலக்கும் ஆணையை எதிர்த்து 1631இல் வாதாடியவரும் அவரே. பக்தியும் படிப்பும் குறைந்தவர்களுக்கே சூதாட்ட அடிமைத்தனம் வரும் என்று எண்ணுவோர் அவரை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மனஉறுதி இல்லாததுதான் காரணம் என்பதும் சரியல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் சூதாட்டக் கோளாறு இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013இல் அதை மது அடிமைத்தனம் இருக்கும் அதே பிரிவில் சேர்த்தார்கள். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுதான் மூளையை விடாமல் இழுக்கிறது. ஓர் எண்ணில் தவறிய சீட்டு தோல்வியாகப் படுவதில்லை, நெருங்கிவிட்டதாகவே படுகிறது. விட்டதைப் பிடிக்க அடுத்த ஆட்டம், அதற்கு அடுத்த கடன். பக்தியுள்ளவருக்கு இதில் இன்னொரு கண்ணியும் உண்டு: ஜெபித்து வாங்கிய சீட்டுக்குச் சிறு பரிசு விழுந்தால் ஜெபம் கேட்கப்பட்டதாகவே நம்பிவிடுவார். அந்த நம்பிக்கையை உடைப்பது கடினம்.

விஷயம் வெளிவந்ததும் வீட்டார் நகையை அடகு வைத்து, கடனைச் சத்தமில்லாமல் அடைக்கிறார்கள். அன்பால் செய்வதுதான், ஆனால் சிகிச்சை இல்லாமல் அடைத்த கடன், புதுக்கடனுக்கு இடம் செய்து கொடுக்கிறது. முதலில் எல்லாக் கடனையும் ஒரு தாளில் எழுத வைக்க வேண்டும். வட்டிக்காரர் கடனும் ஏலச்சீட்டுப் பணமும் அதில் வர வேண்டும். சம்பளக் கணக்கு கொஞ்ச நாள் மனைவியிடமோ தாயிடமோ இருக்கட்டும். “சாகணும்னு தோணுதா?” என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416 இலவச எண். எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். போதகரும் பங்குத்தந்தையும் ஜமாஅத் தலைவரும் பிரசங்கத்தில் சாடுவதை விட, தனியே வருபவரின் பேச்சை வெளியே விடாமல் காத்து, மருத்துவரிடம் அழைத்துப் போகலாம். பெயர் வெளியே வராது என்ற உறுதி கிடைத்தால், கடன் பத்தாயிரமாக இருக்கும்போதே சிலராவது வருவார்கள்.